வழியிலேயே தங்கியது

1972 ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்ததுகளில் பாதி இன்னும் அழுகிறது. ஒன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கும்வரை விடவில்லை. ஃபாக்டரி பக்கம் டாங்கியை ஓட்டிப் பார்க்கிறார்கள் போல. குவார்ட்டர்ஸ் ஜன்னல் சாயங்காலம் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது. இவருக்கு இந்த வாரம் பகல் ஷிப்டு.

நாள் தள்ளிப் போயிருக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது. வெயில் அலைச்சலாகவும் இருக்கலாம். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

சொல்லாமலே தெரிந்துவிட்டது. அத்தை நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் கரண்டியோடு வாசற்படியில் நிற்கிறார்.

"இன்னாடி வல்லி, குளிச்சி எத்தினி நாளாச்சி?"

தலையைக் குனிந்துகொண்டேன். கரண்டியை அப்படியே போட்டுவிட்டு என் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். வெளியே சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மகனிடம், "டே பாஸ்கரா, இங்க வாடா. எண்ணெ அப்பால போட்டுக்கலாம்" என்று கத்தினார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு போய் மீண்டும் சைக்கிளுக்கே எண்ணெய் போட்டார். செயினிலிருந்து தரையில் சொட்டும்வரை போட்டார்.

நான்கு வருஷத்துக்கு முந்தி அண்ணனூரில் பிறந்தவன் ஞாபகம் வராமல் இல்லை. அன்றைக்கு அடைமழை, ஏரி உடைப்பெடுத்து வழியெல்லாம் தண்ணீர். மருத்துவச்சியை அழைத்துவரப் போனவர்கள் திரும்பவே முடியவில்லை. அக்கம்பக்கத்துப் பிரசவங்களுக்குத் துணைக்குப் போய்ப் பழகிய அத்தைதான் தனியாக நின்று பார்த்தார். அவன் நல்லபடியாகத்தான் பிறந்தான், நன்றாகவே அழுதான். ஒரு வாரம் முடிவதற்குள் ஜன்னி வந்து, வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல் போய்விட்டான். எனக்கும் ஜுரம். மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. தங்க என்ன, வரவே இல்லை.

இந்த முறை ஆஸ்பத்திரியில்தான். இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 24, சனி

லேசாகக் கறை. பழுப்பாக. கடவுளே, வேண்டாம்.

ஜூன் 27, செவ்வாய்

பஜாரில் இருக்கும் லேடி டாக்டரிடம் போய்வந்தோம். ஒரு ஊசி போட்டார். கருவும் ஆரம்பம்தான், கறையும் கொஞ்சம்தான், அசையாமல் படுத்திருந்தால் நின்றுவிடலாம் என்றார். வலி அதிகமானால் தாமதிக்காமல் பட்டணத்துக்குப் போய்விடச் சொன்னார். பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வலப்பக்கம் அடிவயிற்றில் ஓரிடத்தில் மட்டும் ஊசியால் குத்துகிறாற்போல் ஒரு வலி. விரலால் தொட்டே காட்டலாம். நடு வயிற்றில் இல்லை, ஓரமாக. அத்தையிடம் சொன்னேன். "சூடுடி அது" என்று வெந்தயத்தை ஊறவைத்து மோரில் கலந்து கொடுத்தார். பிறகு இரண்டு தலையணையைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டு, "நீ ஒண்ணியும் தொடாத. நான் கீறேன்ல" என்றார். என் உள்பாவாடையைக்கூட அவர்தான் துவைக்கிறார்.

ஜூன் 30, வெள்ளி

கறை நிற்கவில்லை, அதிகமும் ஆகவில்லை. இன்று காலை கொல்லைக்குப் போனபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. மத்தியானம் வலியே இல்லை. நின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வயிறு மட்டும் கனமாக இருக்கிறது.

சாயங்காலத்திலிருந்து வலது தோள்பட்டை வலிக்கிறது. மூச்சை இழுத்தால் இன்னும் வலிக்கிறது. தலையணை மாறிப் படுத்ததாக இருக்கும் என்று அத்தை தைலம் தேய்த்துவிட்டார். வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?

திங்கட்கிழமை பள்ளியில் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஒரு நாள் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம். பக்கத்தில்தானே.

ஜூலை 20, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று. படுத்தபடியே எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை கரும்பலகையில் 'ஆ' எழுதித் திரும்பினேன். உள்ளே ஏதோ கிழிந்தது. சத்தம் கேட்டதுபோலவே இருந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. அப்படியே மேசையைப் பிடித்தேன். உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்துவிட்டது. பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்றது தூரத்தில் கேட்டது. அவ்வளவுதான் தெரியும்.

மீதியெல்லாம் மற்றவர்கள் சொன்னது. தலைமையாசிரியர் தங்கவேல் சார் சாலைக்கு ஓடிப்போய் ஒரு மிலிட்டரி லாரியை மறித்தாராம். யாரோ குவார்ட்டர்ஸுக்கு ஓட, அத்தை செருப்புக்கூடப் போடாமல் வந்து லாரியில் ஏறினாராம். பட்டணம் போய்ச் சேரும்வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணைத் தொற வல்லி, தொறடி" என்று கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தாராம். அந்த அறை மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரடா இப்படி அடிக்கிறார்கள் என்று கோபம் வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது, பேச்சு கறாரானது. இமையை இழுத்துப் பார்த்தாராம், நாடி பிடித்தாராம். வெளுத்துப் போயிருக்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது, வயிறு பலகை மாதிரி இருக்கிறது. தோள் வலித்ததா என்று கேட்டிருக்கிறார். அத்தை ஆமாம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டதாம். கீழ்வழியாக ஒரு நீள ஊசியை உள்ளே செலுத்தி இழுத்தாராம். கருப்பாக ரத்தம் வந்தது. அதைத் தட்டில் விட்டுப் பார்த்தார்கள், உறையவே இல்லை; வயிற்றுக்குள் கொட்டித் தேங்கிய ரத்தம் அப்படித்தான் இருக்குமாம். உடனே ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ரத்தம் வேண்டும் என்றதும் அத்தைதான் முதலில் கையை நீட்டினாராம். "என்னுத எடுத்துக்கமா, எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்க." உனக்கே உடம்பில் ரத்தம் இல்லை பெரியம்மா என்று அனுப்பிவிட்டார்கள். இவருடையது சேரவில்லை. இவரோடு ஃபாக்டரியிலிருந்து ஓடிவந்த துலுக்கானம் அண்ணனுடையது சேர்ந்தது. எனக்குள் இப்போது அவர் ரத்தம்தான் ஓடுகிறது. பார்க்க வந்தபோது, "தங்கச்சி, இனிமே நீ நம்ம சொந்தமாயிட்ட" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, எழுந்து போய்விட்டார்.

இதற்குமேல் இன்று முடியவில்லை.

ஜூலை 21, வெள்ளி

நேற்று விட்டதை எழுதிவிட வேண்டும். மனதிலேயே வைத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

தையல் பிரிப்பதற்கு முந்தின நாள் டாக்டரம்மா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். இவரும் இருந்தார். நான்தான் கேட்டேன். என்னம்மா ஆச்சு, நான் என்ன தப்பு பண்ணேன் என்று.

"நீங்க ஒண்ணும் பண்ணலை. கருப்பைக்கு ரெண்டு பக்கமும் ஒரு குழாய் இருக்கு. கரு உண்டாறது அந்தக் குழாயிலதான். அப்புறம் மெல்ல நகர்ந்து கருப்பைக்குள்ள வந்து ஒட்டிக்கும். உங்களுக்கு வழியிலேயே தங்கிடுச்சு. குழாய் சின்னது, பூ மாதிரி. அதுக்குள்ள கரு வளர வளர எவ்வளவு தாங்கும்? பிஞ்சுடுச்சு. வயித்துக்குள்ளயே ரத்தம் கொட்டிடுச்சு. தோள் வலிச்சது அதனாலதான். ரத்தம் மேல போய்த் தொட்டா அங்கேதான் வலி தெரியும்."

கறை வந்ததே என்றேன். குழந்தை வெளியே வளர்ந்தாலும் கருப்பை அதற்காகத் தயாராகிறது, அது ஏமாந்து உதிர்வதுதான் அந்தக் கறை என்றார். கருப்பை ஏமாந்ததாம். அதுவும் ஏமாந்திருக்கிறது.

"ஏன் வழியில தங்குச்சு?"

"முன்னாடி பிரசவத்துக்கு அப்புறம் ஜுரம் வந்துச்சா?"

இவர் ஆமாம் என்றார், மாதக்கணக்கில்.

"நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகுது. பிரசவத்துல கிருமி உள்ள போய் குழாய் புண்ணாயிடும். ஆறினாலும் தழும்பாகி வழி குறுகிப்போகும். அந்தப் பக்கத்தை எடுத்துட்டோம், வேற வழியில்லை. இன்னொரு பக்கமும் பார்த்தேன். அதுவும் குடலோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கு."

அப்படின்னா?

"முடியவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன். நம்பிக்கிட்டு இருக்காதீங்க. ஒருவேளை நாள் தள்ளிப்போனா அன்னைக்கே இங்க வந்துடணும். திரும்பவும் இப்படியே ஆகலாம்."

டாக்டரம்மா போன பிறகு இவர் என் காலடியில் வந்து உட்கார்ந்தார். எனக்கு என்ன சொல்லித் தேற்றப் போகிறாரோ என்று காத்திருந்தேன். கடைசியில் சொன்னார். "வல்லி, அந்தப் பிரசவத்துலதான் வந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லாத. அது தாங்காது."

அது தாங்காது. சரி. நான்?

ஜூலை 30, ஞாயிறு

தையல் போட்ட இடம் இழுக்கிறது. குனிய முடியவில்லை. அத்தை ஆட்டுக்கால் சூப்பு வைத்துத் தருகிறார், குடிக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்று அடுப்படியில் அத்தையும் இவரும் பேசியது எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டார்கள்.

"நைனா, நான் சொல்றன்னு கோச்சிக்காத. அவ நல்ல பொண்ணுதான். நான் இல்லன்னு சொல்ல. ஆனா அவ வயிறு அப்டி. ரெண்டு தபா ஆயிப்போச்சி. நாளைக்கி உனுக்கு கொள்ளி வெக்க ஒருத்தன் வாணாமா?"

"ம்மா, சும்மா இருக்கியா நீ?"

"நான் இன்னா அவள தொரத்தவா சொன்னேன்? அவளும் இருக்கட்டும்…"

பீங்கான் தட்டை எறிந்த சத்தம் கேட்டது. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் வயிறு அப்படியாம்! என் வயிறு எப்படி இருந்தது, யார் கையால் எப்படி ஆனது — ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து அடுப்படி வாசல்வரை போனேன். உடைந்த தட்டுச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பி, "இன்னாத்துக்குடி எய்ந்துகினு வந்த? போய்ப் படு" என்றார்.

போய்ப் படுத்தேன். சொல்லவில்லை. பெருந்தன்மை இல்லை. என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனோம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தைதான் துணை.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், புண் நன்றாக ஆறிவிட்டது என்றார். நான் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அத்தை அவரிடம் நெருங்கி நின்று கேட்டார்.

"ஏம்மா, இதுக்கு இன்னாதான் காரணம்? கண்ணேறா, வேற எதுனாவா? எனுக்குப் புரியிறாப்புல சொல்லு தாயீ."

நான் "அத்தை, போலாம் வாங்க" என்றேன். டாக்டரம்மா அதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்களிடம் சொன்னது போலவே, இன்னும் எளிதாக. முன்பு நடந்த பிரசவத்தில் சுத்தமில்லாமல் கிருமி போயிருக்கிறது என்றார்.

அத்தை அசையாமல் கேட்டார். பிறகு, "அந்தப் புள்ள ஜன்னி கண்டு பூட்டுதே, அதுவும்?" என்றார்.

"தொப்புள்கொடியை எதால அறுத்தாங்க?"

"கதிரறுக்கிற அருவாதான். வேற ஒண்ணியும் கெடைக்கல."

டாக்டரம்மா அப்போதுதான் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். யார் அறுத்தது என்று கேட்கவில்லை. "அப்போ யாருக்கும் தெரியாது பெரியம்மா. மழையில வேற என்ன செய்வீங்க? நீங்க இல்லைன்னா இவங்களும் அன்னைக்கே போயிருப்பாங்க" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இத்தனை நாள் நான் பத்திரமாக வைத்திருந்தது, என் கையை விட்டுத் தானே போய் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை.

ரயிலில் வரும்போது அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அம்பத்தூர் தாண்டியதும் என்னைக் கேட்டார். "உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவனுக்கு?"

"தெரியும்."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 19, சனி

அத்தை அண்ணனூருக்குப் போய்விட்டார். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில். சோறு வடித்து, குழம்பு வைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இவர் இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அதனால் இன்று நான் போனேன்.

பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். அடுப்பு பற்றவைத்து எத்தனை நாளோ. பக்கத்தில் இருக்கும் தம்பி சின்னப்பையன் வீட்டில் கொடுத்த சோறு மூடியபடியே கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க அத்தை, போலாம்."

"நா இன்னாத்துக்கு வரணும்? எங்கையாலியே ரெண்டையும் வாரிக் குடுத்துட்டேன். அப்பால ஒன்னியே கொற சொல்லிகினு கெடந்தேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவேன்?"

ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"எனக்கு உங்க மேல கோபம் இருக்கு அத்தை. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். படுத்தா தூக்கம் வரலை. அவன் வாய் இறுகிக் கிடந்ததுதான் கண்ணுல நிக்குது. உங்களைப் பார்த்தா எரியுது. பார்க்கலைன்னாலும் எரியுது. அதோடயே வாங்கன்னுதான் கூப்பிடறேன்."

அத்தை அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வா" என்றார்.

வரும் வழியெல்லாம் நான்தான் அழுதேன். நன்றாக அழுதேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

காலையில் கதவைத் திறந்தால் ஒரு மூட்டையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையுமாக அத்தை வாசலில் நிற்கிறார். உள்ளே வந்து கீரையை ஆய உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரே உட்கார்ந்து பாதியை எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 9, சனி

நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. சண்டையும் இல்லை. பழைய பேச்சை அவர் எடுக்கவே இல்லை, இன்னொரு கல்யாணப் பேச்சையும்.

பிரசவம் பார்க்க யாராவது கூப்பிட வந்தால், எனக்கு முடியவில்லை என்று அனுப்பிவிடுகிறார். முன்பெல்லாம் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்.

1973 ஏப்ரல் 27, வெள்ளி

அண்ணனூரில் சின்னப்பையன் மாமா மகள் கன்னியம்மாவுக்கு வளைகாப்பு. எனக்குப் போக மனமில்லை. அத்தை நீயும் வா என்றார், போனேன்.

வளையல் போடக் கூப்பிடும் முன்னாலேயே சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். அப்படி நின்றால் பிள்ளையில்லாதவள் ஒதுங்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். கன்னியம்மா முகம் சந்தனத்தில் மின்னியது. நல்ல பெண். நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் சின்னப்பையன் மாமா வந்து எல்லோர் எதிரிலும், "யக்கா, பிரசவத்துக்கு நீதான் வந்து பாக்கணும். உன் கை ராசி" என்றார்.

அத்தை சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என் கை ராசியா? டே சின்னப்பையா, கேட்டுக்க. எல்லாரும் கேட்டுக்கங்க. எம் பேரன் ஜன்னி வந்து பூட்டான்னு தெரியும்ல? காத்து கருப்பு இல்ல. நான் கதிரறுக்கிற அருவாளால கொடி அறுத்தேன், அதான். எம் மருமவ ஜுரம் வந்து கெடந்தாளே, அதுவும் என் கைதான். போன வருசம் செத்துப் பொழச்சாளே, அதும் அதனாலதான். டாக்டரம்மா சொல்லிச்சி. குத்தம் அவ வயித்துல இல்ல. பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. ஊட்ல வெச்சிக்காத."

மாமா முகம் செத்துப்போயிற்று. ஒருத்தி, நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு என்று முணுமுணுத்தாள். "நல்ல நாள்லதான் சொல்லணும், அப்பால சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றார் அத்தை.

போய் அவர் வாயைப் பொத்திவிட வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவர் சொல்லட்டும், நான் கேட்கட்டும் என்று நின்றேன். அதுவும் உண்மை.

திரும்பும்போது ரயில் பாதையோரமாக நடந்து வந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

ஏப்ரல் 30, திங்கள்

கன்னியம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தார்களாம். அத்தையும் போயிருந்தார்.

ஜூலை 8, ஞாயிறு

கன்னியம்மாவுக்கு நேற்று ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. இரண்டு பேரும் நலம். மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்றபடியே அத்தையைக் கும்பிட்டார்.

இவர் ஷிப்டுக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் அடுப்படியில் இருந்தோம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அத்தை முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நம்ம புள்ளைக்கு நீ இன்னா பேரு வெச்சிருப்பே?"

பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். இந்த ஐந்து வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. இவர்கூட. அவனுக்கென்று நான் மனதில் ஒரு பெயர் வைத்திருப்பேன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"மணவாளன்" என்றேன்.

"மணவாளா" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. அவர் அழுது நான் பார்த்தது இன்றுதான்.

உலை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.